எழுத்து அறியுமுன் உடல் அறிந்தவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

இரண்டு மொழி தெரிந்தால் போதும், ஒன்றில் கேட்டதை மற்றொன்றில் சொல்லிவிடலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை 18ஆம் நூற்றாண்டிலேயே தலைகீழாகப் புரட்டிப் போட்ட ஒருவர் ஜப்பான் நாட்டில் வாழ்ந்தார். அயல்மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத நிலையில், அம்மொழி நூல் ஒன்றைத் தம் நாட்டார் படிக்கும்படி செய்வது என்று துணிந்தவர் அவர். துணிந்தது மட்டுமா? செய்தும் முடித்தார். சுகிதா கென்பாக்கு என்பது அவர் பெயர். ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளி வரலாற்றுப் பாடத்திலேயே அவரை அறிந்துகொள்கிறார்கள். உடற்கூற்றியலைப் பாடமாகப் படிக்கும் எனக்கு அவர் பெயர் கல்லூரி நூலகத்தில்தான், அதுவும் தற்செயலாகக் கிடைத்தது. அந்த வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கென்பாக்கு 1733ஆம் ஆண்டில் எடோ நகரில் பிறந்தார். இன்றைய டோக்கியோவின் அன்றைய பெயர் எடோ. தந்தையார் ஒபாமா என்னும் சிற்றரசின் மருத்துவர். மகனைப் பெற்றெடுத்த அந்தப் பேறுகாலத்திலேயே தாய் இறந்துபோனார். மருத்துவர் வீட்டிலேயே அப்படி! பெற்ற தாயைக் காப்பாற்ற முடியாத மருத்துவத்தைத்தான் மகனும் கற்றார். அறுவை மருத்துவம் பயின்று, தந்தையைப் போலவே ஒபாமா அரசின் மருத்துவரானார்.

அக்கால ஜப்பானிய மருத்துவம் சீன நூல்களைச் சார்ந்தது. மருந்துகளைப் பற்றியும் நாடியைப் பற்றியும் அந்நூல்களில் நுட்பமான செய்திகள் உண்டு. ஆனால் உடலின் உள்ளே இருப்பது என்ன? நுரையீரலுக்கு ஆறு இலைகளும் இரண்டு காதுகளும், கல்லீரலுக்கு இடப்புறம் மூன்று மடல்களும் வலப்புறம் நான்கு மடல்களும் என்று எழுதப்பட்டிருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. பிணத்தை அறுப்பது மருத்துவர் செய்யக்கூடிய தொழிலாகக் கருதப்படவில்லை. 1754இல் கியோட்டோ நகரில் யாமவாக்கி தோயோ என்ற மருத்துவர் அரசின் ஒப்புதல் பெற்று, மரண தண்டனை பெற்ற ஒருவரின் உடலை அறுக்கச் செய்து பார்த்தார். கண்டதை 1759இல் நூலாகவும் வெளியிட்டார். அந்த அறுவையைப் பார்த்தவர்களில் ஒபாமா அரசின் மருத்துவர் ஒருவரும் இருந்தார். அவர் வாயிலாகச் செய்தி கென்பாக்குவின் காதுக்கு எட்டியது. அப்போது அவருக்கு வயது 21. ஏறத்தாழ என் வயது. தாமும் ஒருநாள் கண்ணால் காண வேண்டும் என்ற ஏக்கம் அவர் உள்ளத்தில் விழுந்தது. ஆனால் அந்த நாள் வரப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

இங்கே ஜப்பானின் அன்றைய நிலையைச் சிறிது சொல்ல வேண்டும். ஐரோப்பியர்களில் டச்சுக்காரர் ஒருவருக்கு மட்டுமே அந்நாட்டில் வாணிகம் செய்ய இடமிருந்தது. அவர்களும் 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தில் தேஜிமா என்ற செயற்கைத் தீவில்தான் இருத்தப்பட்டார்கள். விசிறி வடிவில் கட்டிய சின்னஞ்சிறு தீவு அது. அத்தீவுக்கும் நாட்டுக்கும் இடையே பேச்சை நடத்தியவர்கள் நாகசாகித் துபாஷிகள். நம் நாட்டிலும் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அதுபோல. நாகசாகியில் இது குடும்பத் தொழில். சிறுவனாக இருக்கும்போதே பயிலும் துபாஷியாகச் சேர்ந்து, படிப்படியாக இளைய துபாஷி, தலைமைத் துபாஷி என உயர்வார்கள். கற்றது பெரும்பாலும் காதால். அவர்கள் டச்சு நூல்களைப் படிக்கவே நெடுங்காலம் அனுமதியில்லை என்று கென்பாக்கு பிற்காலத்தில் எழுதினார். இதைப் பின்வந்த ஆய்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. படித்த துபாஷிகளும் பலர் இருந்தார்கள். எனக்கும் ஆய்வாளர் பக்கமே சரியென்று படுகிறது. தம் அருமையை எடுத்துக்காட்டப் பிறர் அருமையைச் சற்றுக் குறைத்துச் சொல்வது பெரியோரிடமும் உண்டுதானே!

டச்சு வாணிகத் தலைவர் குறிப்பிட்ட காலத்தில் எடோவுக்குச் சென்று ஆட்சித் தலைவரான ஷோகனைக் கண்டு பரிசளிக்க வேண்டும். துபாஷிகளும் உடன் வருவார்கள். நாகசாகியா என்ற விடுதியில் தங்குவார்கள். 1766ஆம் ஆண்டளவில் கென்பாக்குவும், அவரைவிடப் பத்து வயது மூத்த நண்பரான மாயெனோ ரியோதாக்கு என்ற மருத்துவரும் அந்த விடுதிக்குப் போய், நிஷி ஸென்ஸபுரோ என்ற தலைமைத் துபாஷியைக் கண்டு, டச்சு மொழி கற்க வழி கேட்டார்கள்.

வேண்டாம் என்றார் அவர். தண்ணீர் குடிப்பதை என்னவென்று சொல்வது என்று கேட்க வேண்டுமானால் கிண்ணத்தைக் கையால் தூக்கிக் காட்டிக் கேட்டுவிடலாம். ஆனால் மது குடிப்பவர் அதை விரும்பிக் குடிக்கிறாரா, வேண்டாவெறுப்பாகக் குடிக்கிறாரா என்பதைக் கையசைவால் எப்படிக் கேட்பது? விருப்பத்தைக் குறிக்க டச்சு மொழியில் ஆன்ட்ரெக்கன் என்று ஒரு சொல் உண்டு. சிறுவயது முதல் அந்தச் சொல் அவர் வாயில் புழங்கியிருக்கிறது. ஆனால் அதன் உட்பொருள் 50 வயதைக் கடந்தபின், இந்த எடோப் பயணத்தின்போதுதான் அவருக்கு விளங்கிற்றாம். ஆன் என்றால் ஒன்றை நோக்கி; ட்ரெக்கன் என்றால் இழுத்தல். மனம் அங்கேயே இழுக்கிறது என்று நாம் சொல்வதில்லையா? அதேதான்.

இதைக் கேட்ட கென்பாக்கு, இது நமக்கு ஆகிற காரியம் அல்ல என்று விட்டுவிட்டார். ரியோதாக்கு விடவில்லை. எடோவிலேயே ஓர் அறிஞரிடம் தொடங்கி, பிறகு நாகசாகிக்கே போய் நூறு நாள் அளவில் தங்கி, சில நூறு சொற்களையும் ஓர் அகராதியையும் ஓர் உடற்கூற்று நூலையும் சேர்த்துக்கொண்டு திரும்பினார்.

1771ஆம் ஆண்டு வந்தது. நாகசாகியாவில் டச்சுக்காரர்கள் இரண்டு உடற்கூற்று நூல்களை விற்கக் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றை வாங்கிவந்து கென்பாக்குவிடம் காட்டியவர் நாககாவா ஜுனான் என்ற இளைய மருத்துவர். நூலில் ஒரு வரியும் புரியவில்லை. படங்களோ கென்பாக்கு கற்ற எதனோடும் ஒத்துவரவில்லை. இது கற்பனையாக இருக்க முடியாது. யாரோ கண்ணால் கண்டு வரைந்தது என்று அவர் மனம் சொல்லிற்று. விலை கொடுக்க அவரிடம் வசதியில்லை. தம் அரசின் அதிகாரி ஒருவரிடம் போய்க் கேட்டார். ஒபாமா அரசு பணம் கொடுத்தது. படிக்கவே தெரியாத ஒருவருக்கு நூல் வாங்கப் பணம் கொடுத்த அந்த அதிகாரியையும் நாம் பாராட்ட வேண்டும்!

நூல் கைக்கு வந்த சில நாட்களில், காத்திருந்த அந்தச் செய்தியும் வந்தது. கொஸுகப்பாரா என்ற கொலைக்களத்தில் மறுநாள் ஓர் உடல் அறுக்கப்படும். பார்க்க விரும்பும் மருத்துவர் வரலாம். இரவோடு இரவாக நண்பர்களுக்கு ஆள் அனுப்பினார் கென்பாக்கு. ஜப்பானிய நாட்காட்டியில் மூன்றாம் மாதம் நான்காம் நாள் காலையில் கூடினார்கள். ரியோதாக்கு தம் சட்டைக்குள்ளிருந்து ஒரு நூலை எடுத்துக் காட்டினார். அவர் நாகசாகியிலிருந்து கொண்டுவந்ததும், கென்பாக்கு வாங்கியதும் ஒரே நூல்! இருவரும் கைதட்டி மகிழ்ந்தார்கள்.

அந்த நூல் டான்சிக் நகரில் வாழ்ந்த குல்முஸ் என்ற மருத்துவர் 1722இல் ஜெர்மன் மொழியில் எழுதியது. அதன் டச்சு மொழிபெயர்ப்பு 1734இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் அதற்குப் பெரும் புகழ் எதுவுமில்லை. மாணவர்களுக்கான கையடக்க நூல். நாம் தேர்வுக்கு வாங்கும் வழிகாட்டி நூலைப் போல என்று சொன்னால் பேராசிரியர்கள் சினம் கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அன்று அறுக்கப்பட்டது ஏறத்தாழ 50 வயதுப் பெண்ணொருத்தியின் உடல். அறுத்தவர் மருத்துவர் அல்லர். ஜப்பானியச் சமுதாயம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்த பிரிவைச் சேர்ந்தவர் அவர். தொரமாத்சு என்பவர் வருவதாக இருந்தது. நோயுற்றதால் அவருடைய பாட்டனார் வந்தார். வயது 90. இளமை முதல் பல உடல்களை அறுத்த கை. இது இதயம், இது கல்லீரல், இது பித்தப்பை, இது இரைப்பை என்று அவர் எடுத்துக் காட்டினார். பெயர் தெரியாத உறுப்புகளையும் சுட்டி, தாம் அறுத்த ஒவ்வோர் உடலிலும் இவை இதே இடத்தில் இருந்தன என்றார். முன்பு வந்த மருத்துவர்கள் எவரும் அவை யாவை என்று தம்மைக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்தேன். கேட்டதே இல்லை! நூல் ஒன்று சொல்கிறது, கண்ணெதிரே வேறொன்று கிடக்கிறது; ஆனாலும் நூலையே நம்பித் திரும்பிப் போனார்கள், மெத்தப் படித்தவர்கள். உறுப்பைத் தொட்டு அறிந்தவரிடம் எழுத்தில்லை. எழுத்து வைத்திருந்தவர் உறுப்பைத் தொடவில்லை. கென்பாக்குவும் ரியோதாக்குவும் அன்று செய்த புதுமை, கையில் படத்தை வைத்துக்கொண்டு அந்த முதியவர் காட்டக் காட்ட ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்ததுதான். நுரையீரலுக்கு ஆறு இலை இல்லை. கல்லீரலுக்கு ஏழு மடல் இல்லை. இரைப்பையின் வடிவம் படத்தில் உள்ளபடியே இருந்தது. வெட்டவெளியில் கிடந்த எலும்புகளையும் பொறுக்கி எடுத்து ஒப்பிட்டார்கள். படத்துக்கும் பொருளுக்கும் ஒரு மாறுபாடும் காணவில்லை.

கென்பாக்கு தம் நினைவுக் குறிப்பில் பேரனின் பெயரை எழுதினார். அறுத்துக் காட்டிய பாட்டனாரின் பெயரை எழுதவில்லை. அவருடைய முதல் ஆசிரியர் என்று நான் சொல்லக்கூடியவர் பெயரில்லாமலே போய்விட்டார்.

திரும்பும் வழியில் கென்பாக்கு, ரியோதாக்கு, ஜுனான் மூவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். உடலின் உண்மை நிலை தெரியாமல் இதுவரை அரசனுக்கும் மக்களுக்கும் மருத்துவம் செய்திருக்கிறோமே என்ற வெட்கம் மூவரையும் வாட்டியது. துபாஷிகளின் துணையில்லாமலே இந்நூலைப் பெயர்ப்பது என்று முடிவாயிற்று. நல்ல நாள் பார்க்கவில்லை. மறுநாளே ரியோதாக்குவின் வீட்டில் கூடினார்கள்.

கென்பாக்குவுக்கு அப்போது டச்சு எழுத்துகளே தெரியாது. ஜுனானுக்குக் கொஞ்சம் பழக்கம். ரியோதாக்குவின் சில நூறு சொற்களே மூலதனம். எங்கே தொடங்குவது? உடலின் உட்பகுதிகளை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மனித உருவத்தின் வெளிப்புறப் படத்தில் தொடங்கினார்கள். தலை, புருவம், மூக்கு, தோள் ஆகியவை எங்கே உள்ளன என்று யாருக்கும் தெரியும். படத்தில் எண்ணும் குறியும் இருந்தன. தெரிந்த பொருளைக் கைப்பிடித்துக்கொண்டு தெரியாத சொல்லிடம் போனார்கள். புருவம் என்பது கண்ணுக்கு மேலே வளர்ந்துள்ள மயிர் என்ற ஒரே வரியில், நீண்ட வசந்த காலப் பகல் முழுவதும் மாலைவரை முட்டி மோதி நின்ற நாளும் உண்டு. மூக்கைப் பற்றிய பகுதியில் வந்த ஒரு சொல்லுக்கு வேறொரு நூலில் விளக்கம் கிடைத்தது: மரக்கிளையை வெட்டினால் அந்த இடம் அப்படி ஆகும், தோட்டத்தைப் பெருக்கினால் குப்பை அப்படிச் சேரும். வெட்டிய கிளை ஆறினால் புடைக்கும். குப்பை குவிந்தால் மேடாகும். மூக்கும் முகத்தில் மேடிட்டிருப்பதுதானே! அப்படியானால் அச்சொல்லுக்கு மேடு என்று பொருள். அன்று அவர்கள் அடைந்த களிப்பு சொல்லுக்கு அடங்காததாம். மூல நூலில் அந்த இடத்தில் அச்சொல் காணப்படவில்லை என்றும், முதுமையில் எழுதும்போது அவருக்கு நினைவு மாறியிருக்கலாம் என்றும் ஆய்வாளர் கூறுவர். சொல் எதுவாக இருந்தாலும், வழி இதுவே.

விளங்காத சொற்களுக்கு வட்டத்துள் ஒரு சிலுவைக் குறி இட்டுவைத்து மேலே போனார்கள். தொடக்கத்தில் பக்கமெல்லாம் அந்தக் குறியாகவே இருந்தது. மாதத்தில் ஆறேழு நாள் தவறாமல் கூடுவார்கள். பகலில் விளங்கியதைக் கென்பாக்கு அன்றிரவே எழுதிவைப்பார். நாகசாகித் துபாஷிகள் எடோவுக்கு வரும்போது, சேர்த்துவைத்த ஐயங்களோடு போய்க் கேட்பார்கள். ஓராண்டு சென்றபின் நாளொன்றுக்குப் பத்து வரிக்கு மேல் படிக்க முடிந்தது. ஏன் இந்த அவசரம் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். தாம் நோயாளி, வயதும் ஆகிறது, நூல் முடியும்போது தாம் மண்ணுக்குள் புல்லின் நிழலில் இருந்துதான் பார்க்க நேரும் என்று அவர் சொல்லப் போக, அவருக்குப் புல்நிழலார் என்றே பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நோயாளி அவர்களில் பலருக்கும் பின்னால் உயிரோடிருந்தார்!

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். 11 முறை திருத்தி எழுதினார் கென்பாக்கு. 1774ஆம் ஆண்டில் கைத்தாய் ஷின்ஷோ, அதாவது புதிய உடற்கூற்று நூல், வெளிவந்தது. படங்களை வரைந்தவர் ஒதானோ நாவோதாக்கே என்ற இளைஞர்.

சொல்லாக்கத்தில் அவர்கள் கையாண்ட முறை நமக்குப் பயன்படக்கூடியது. தம் மொழியில் ஏற்கெனவே சொல் இருந்தால் அதை இட்டார்கள், எலும்புக்கு எலும்பு. சொல் இல்லை, ஆனால் பொருள் விளங்குகிறது என்றால் பொருளைக் கொண்டு புதுச்சொல் படைத்தார்கள். குருத்தெலும்புக்கு அவர்கள் இட்ட சொல்லின் பொருள் மென்மையான எலும்பு. இளந்தளிரை நினைத்துக் குருத்து என்று சொன்ன நம்மவர்களும் ஏறத்தாழ அதே வழியில்தான் போயிருக்கிறார்கள். துடிக்கும் தமனிக்கு அசையும் குழாய் என்று பெயரிட்டார்கள். பொருளும் பிடிபடவில்லை என்றால் டச்சு ஒலியையே எழுதிவைத்தார்கள். சுரப்பிக்கு அப்படித்தான் நேர்ந்தது. அதற்கு உரிய எழுத்தொன்றைப் பின்னால் வந்த மருத்துவர் ஒருவர் 1805இல் புதிதாகவே படைத்தார். எல்லாவற்றிலும் பெரிய துணிச்சல் நரம்புக்குச் சொல் கண்டது. சீன மருத்துவத்தில் அப்படி ஓர் உறுப்பே சொல்லப்படவில்லை. உயிராற்றலைக் குறிக்கும் ஒரு சொல்லையும், உடலில் ஓடும் பாதையைக் குறிக்கும் ஒரு சொல்லையும் இணைத்து ஷின்கெய் என்றார்கள். இன்று ஜப்பானில் மட்டுமின்றிச் சீனாவிலும் கொரியாவிலும் அதே எழுத்துகளிலிருந்து வந்த சொல்லே வழக்கில் உள்ளது.

நரம்பு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவள் நான் ஒருத்திதான். அதனால் உறவினர், அக்கம்பக்கத்தார் யார் மருத்துவமனைக்குப் போனாலும் துணைக்கு என்னை அழைப்பார்கள். என் அத்தை பல ஆண்டுகளாக இட்லிக் கடையில் நின்றுகொண்டே வேலை செய்பவர். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வலிக்கிறது என்றார். மறுநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கிருந்த இளம் மருத்துவர் வடமாநிலத்தவர், தமிழ் அறியாதவர் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அன்றிரவு அத்தையின் காலைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் படித்த பாடத்தையும் இப்போது ஆங்கிலத்தில் படிக்கும் பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் படித்தேன். இடப்பக்கம் அத்தையின் சொல், வலப்பக்கம் மருத்துவரின் சொல் என ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எங்கள் ஊரில் கையில் நீலமாய் ஓடும் சிரையும் நரம்பு, தசைநாணும் நரம்பு, மூளையிலிருந்து வரும் நரம்பும் நரம்பு, யாழின் தந்தியும் நரம்பு! அகராதியை மட்டும் நம்பியவர் நர்வ் என்று சொல்லி, அத்தையை வேறொரு மருத்துவரிடம் அனுப்பியிருப்பார். அத்தை காட்டிய நரம்பு சிரை. அதன் வால்வுகள் தளர்ந்து இரத்தம் தேங்கியிருக்கிறது. வெயின் என்றேன். மருத்துவர் குனிந்து காலைப் பார்த்தார். அத்தையை நிற்கச் சொன்னார். பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அத்தைக்குப் புரியும்படி என்னால் சொல்ல முடிந்தது.

இன்று ஜெனீவா, பாரிஸ் போன்ற நகரங்களில் வாய்மொழி பெயர்ப்பதற்கென்றே உயர்கல்வி நிலையங்கள் இருக்கின்றன. நாளை மீன்பிடி ஒப்பந்தம் பற்றிய கூட்டம் என்றால், அந்த மாணவர்கள் இன்று வலையின் வகைகளையும் மீன்களின் படங்களையும் பார்க்கிறார்கள். அதே பொருளை இரண்டு மொழிகளிலும் படிக்கிறார்கள். துறை அறிந்தவரைக் கேட்கிறார்கள். இருபத்திச் சொற்பட்டியல் எழுதுகிறார்கள். கொஸுகப்பாராவில் நடந்ததும் இதுவே. நம் துறையிலோ இப்போது தவளையை அறுப்பதும் இல்லை. அறுத்துப் பார்த்த தலைமுறை நம் பேராசிரியர்களுடையது. எங்களுக்கு வாய்த்தவை விளக்கப்படமும் கணினித் திரையும். உயிர்வதை கூடாது என்பது சரியே. ஆயினும், தொட்டுப் பார்த்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை நாங்கள் விட்டுவிடக் கூடாதல்லவா?

கென்பாக்குவின் கதைக்குத் திரும்புவோம். கைத்தாய் ஷின்ஷோவில் ரியோதாக்குவின் பெயர் இல்லை. மொழி அறிந்தவர் அவரே. பணியின் தலைவரும் அவரே. புகழுக்காக இதைச் செய்யேன் என்று கோயிலில் வேண்டிக்கொண்டார் என்பர் சிலர்; பெயர்ப்பு இன்னும் முழுமை பெறவில்லை என்ற மனக்குறை என்பர் சிலர். கென்பாக்குவோ, குறையிருந்தாலும் இப்போதே வெளிவர வேண்டும், நோயாளிகள் காத்திருக்க மாட்டார்கள் என்று எண்ணியவர். இருவரில் யார் சரி? ரியோதாக்கு இல்லையேல் நூல் தொடங்கியிராது. கென்பாக்கு இல்லையேல் முடிந்திராது. நூலுக்கு முன்னுரை எழுதியவர் நாகசாகித் துபாஷி ஒருவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. யோஷியோ கோகியூ என்ற அவர், டச்சு மருத்துவமும் கற்றுத் தேர்ந்தவர்.

நூல் வெளிவந்தபின் டச்சுக் கல்வி நாடெங்கும் பரவியது. இருவரிடமும் பயின்ற மாணவர் ஓத்சுகி கென்தாக்கு. ஆசிரியர்கள் பெயரிலிருந்து ஆளுக்கோர் எழுத்தை எடுத்துத் தம் பெயராக்கிக்கொண்டவர். அவர் 1788இல் டச்சு மொழிக்கு ஒரு தொடக்க நூல் வெளியிட்டார். கைத்தாய் ஷின்ஷோவின் பிழைகளைத் திருத்தும் வேலையையும் கென்பாக்கு அவரிடமே ஒப்படைத்தார். தம் நூலில் பிழையுண்டு என்று தாமே சொல்லி, திருத்த ஆளும் அமர்த்திய ஆசிரியர்! அந்தத் திருத்தப் பதிப்பு 1826இல்தான் அச்சாயிற்று. பார்க்கக் கென்பாக்கு இல்லை.

1815இல், 82 வயதில், டச்சுக் கல்வி தொடங்கிய வரலாற்றை அவர் எழுதி முடித்தார். நான் மேலே சொன்ன நிகழ்ச்சிகளில் பல அதிலிருந்து வந்தவை. 1817இல் மறைந்தார். ஒபாமா நகர மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் எழுதிய வரலாறோ நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே இருந்தது. 1855ஆம் ஆண்டு எடோவைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் குடும்பத்தார் வைத்திருந்த படி அழிந்துபோயிற்று. நூலே தொலைந்தது என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, எடோவில் தெருவோரப் பழைய புத்தகக் கடையில் ஒரு படி கிடைத்தது. ஃபுகுஸாவா யூகிச்சி என்ற கல்வியாளர் அதைப் படித்தார். ரியோதாக்குவின் அரசைச் சேர்ந்தவர் அவர். ஒன்றும் புரியாமல் அந்த மூவரும் நூலின் முன் திகைத்து அமர்ந்திருந்த இடம் வரும்போதெல்லாம், உடன் படித்த நண்பரும் அவரும் கண்ணீர் விட்டார்களாம். 1869இல் அவரே அதை அச்சிட்டு வெளியிட்டார்.